நீ காலியாக விட்ட பாதி

மார்ச் 3

அக்கா,

பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடிதம் என்றாலே உனக்கு நெஞ்சு படபடக்கும் என்று தெரியும். அதனால்தான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

இது வீட்டுப்பாடம். நாற்பத்தாறு வயசில் எனக்கு வீட்டுப்பாடம், சிரிக்காதே. செவ்வாயும் வெள்ளியும் மண்டையில் அடிபட்டவர்களுக்கான பயிற்சி மையத்துக்குப் போய்வருகிறேன். படுக்கை கிடுக்கை எல்லாம் கிடையாது, காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம். தனியாகத்தான் போகிறேன், தெரியுமா? பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் வண்டி மாறி, யார் துணையும் இல்லாமல்.

அங்கே ஒரு பயிற்சி டீச்சர். கையில் எந்நேரமும் ஒரு சிவப்பு டேப். மேஜை, தட்டு, புத்தகம், எதைக் கண்டாலும் அதன் இடது ஓரத்தில் ஒட்டிவிடுவார். "உங்க கண்ணுல கோளாறு இல்ல. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை மறந்துடுது. சிவப்பு தெரியற வரைக்கும் தலையைத் திருப்புங்க" என்று ஒரே பாட்டு. வீட்டில் இல்லாத ஒருவருக்கு வாரம் ஒரு கடிதம் கையால் எழுத வேண்டும் என்பதும் அவர் உத்தரவுதான். நீதான் என் போனை எடுப்பதில்லையே, அதனால் உனக்கு.

எனக்கு இடது பக்கம் தெரியவில்லையாம்! கடையில் ட்யூப்லைட் மாற்ற ஏணியில் ஏறி விழுந்தேனே, அந்தப் புதிதில் கொஞ்சம் குழப்பம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. எல்லாம் தெரிகிறது. அந்த டேப்புக்கு ஆகும் செலவுதான் வீண்.

விஷயத்துக்கு வருகிறேன். என் கத்திரியை அனுப்பு. மாசக் கடைசி வரைக்கும் என் நாற்காலியை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று சலூன் முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குள் அவரும் டீச்சரும் பார்க்க, ஒரு நிஜத் தலையை நான் ஒழுங்காக வெட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நாற்காலி போச்சு. இரவல் கத்திரி என் கைக்கு ஒத்துவராது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் நீதான் ஒருநாள் "இனிமே இதைத் தொடாதே" என்று அதைத் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாய். உனக்கு ஆசையாக முடி வெட்டிவிட்டதற்கு அதுதான் எனக்குக் கிடைத்த மரியாதை. கண்ணாடியைக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிக்கிறாய். தொழில்காரன் முகத்துக்கு நேரே சிரித்தால் சீப்பு பறக்காமல் என்ன செய்யும்?

நிஜத் தலைக்கும் பஞ்சம். என் பொண்டாட்டி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்கிறாள். மையத்துக்கு வரும் லாரி டிரைவர் ஒருவரைக் கேட்டேன். அடிபட்டதிலிருந்து அவர் வாயில் "சரி" என்ற ஒரே வார்த்தைதான் வரும். "வெட்டட்டுமா அண்ணே?" "சரி." இதெல்லாம் சம்மதத்தில் சேராது என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

கத்திரி வரட்டும். மற்றதைப் பிறகு பேசலாம்.

தம்பி

*

மார்ச் 8
உன் தாளிலேயே, இடது பாதியில்

தம்பி,

பெரிய மனுஷன் மாதிரி பாதித் தாளைக் காலியாக விட்டுவிட்டு நடுவிலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறாய். வீட்டில் தாள் கொட்டிக் கிடக்கிறதோ? ஹோட்டல் சலவைப் பிரிவில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்கிறவள் நான். இப்படி வீணாகக் கிடப்பதைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அதனால் நீ விட்ட இடத்திலேயே பதில் எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.

மண்டையில்தான் அடி, வாயில் இல்லை என்று உன் கடிதத்தைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படித்தபோது அழுதுவிட்டேன், போதுமா?

கத்திரியை ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று ஒரு தடவையாவது கேட்டாயா? அன்றைக்கு உன் இடது கை விரலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. நீ அதைப் பார்க்கவே இல்லை. வெட்டுப்பட்ட விரலோடு "எப்படி இருக்கு?" என்று கேட்கிறாய். உன்னிடமிருந்து பிடுங்கியது உன் தொழிலை இல்லை, ஆயுதத்தை. சிரித்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அதை நேரில் சொல்கிறேன்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்கிறாய். நம்புகிறேன். கத்திரியைத் தபாலில் போட எனக்கு மனசு வராது, நானே கொண்டுவருகிறேன். தலைக்கு ஏன் ஊரெல்லாம் அலைகிறாய்? என் தலையை என்ன வாடகைக்கா விட்டிருக்கிறேன்? 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை லீவு கேட்டிருக்கிறேன். பத்து மணிக்கு நீ வண்டி மாறும் பேருந்து நிலையத்தில், பேப்பர் கடைக்குப் பக்கத்தில் நிற்பேன். ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடலாம்.

சீப்பு பறந்தால் நானும் பதிலுக்கு எதையாவது எறிவேன், சொல்லிவிட்டேன்.

அக்கா

*

மார்ச் 13

அக்கா என்று எழுதவே கை வரவில்லை.

நேற்று உன் கவர் வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே பிரித்தேன். உள்ளே இருந்தது என்ன? நான் எழுதிய கடிதம்! ஒரு வார்த்தை இல்லை, ஒரு புள்ளி இல்லை. அப்படியே மடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். "போடா" என்று இரண்டு எழுத்து எழுதியிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன். திட்டினால் தாங்குவேன், நீ திட்டி வளர்ந்தவன்தானே நான். இது என்ன பழக்கம்?

பொண்டாட்டியிடம் நியாயம் கேட்கப் போனேன். "உங்க அக்கா தம்பி சண்டைக்குள்ள என்னை இழுக்காதீங்க. போன தடவை நீங்க ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்க, நான்தான் கெட்டவளானேன்" என்று காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். கடிதத்தைக் கையால் தொடக்கூட மாட்டேன் என்கிறாள்.

கடைப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு புது ஆள் நிற்கிறான். "மாசக் கடைசி வரைக்கும்தான்பா" என்று முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இருபது வருஷமாக நான் நின்ற இடம். அங்கே நிற்க முடியாமல் போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது அக்கா. எனக்கு வேறு எதுவும் தெரியாது.

கத்திரியை நீயே வைத்துக்கொள். வேண்டுமானால் காய் நறுக்கு.

*

மார்ச் 16

ஏண்டா, உனக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா?

ஒரு வார்த்தை இல்லையாம், ஒரு புள்ளி இல்லையாம். நீ விட்ட பாதித் தாளையும் எறும்பு ஊர இடமில்லாமல் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். வருகிறேன் என்றேன், கத்திரி கொண்டுவருகிறேன் என்றேன், என் தலையையே கொடுக்கிறேன் என்றேன். படித்துவிட்டுப் படிக்கவே இல்லை என்று சாதிக்கிறாயே, இது எந்த ஊர் நியாயம்?

கடிதத்தைக்கூட விட்டுவிடலாம். நேற்றுக் காலை நடந்ததற்கு என்ன சொல்லப்போகிறாய்? பத்து மணிக்குப் பேப்பர் கடைக்குப் பக்கத்தில் நின்றேன். நீலச் சட்டை போட்டுக்கொண்டு, தோளில் பையோடு நீ வந்தாய். இளைத்துப் போயிருந்தாய். நீயே என்னைப் பார்த்துவிடுவாய் என்று கூப்பிடவில்லை. கையை மட்டும் தூக்கினேன். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்தாய். நேராகப் பார்த்துக்கொண்டே என்னைக் கடந்து போய் உன் வண்டியில் ஏறிவிட்டாய். தூக்கிய கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பேப்பர் கடைக்காரர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டேன். கத்திரி என் மடியிலேயே இருந்தது.

கூடப் பிறந்தவளைத் தெரியாதவள் மாதிரி தாண்டிப் போகிற அளவுக்கு நான் உனக்கு என்ன செய்துவிட்டேன்? இனி எழுதாதே. நானும் எழுதமாட்டேன்.

*

மார்ச் 19

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

இன்று காலை உன் கடிதம் வந்ததும் வரிகளின் வால்தான் கண்ணில் பட்டிருக்கிறது, அதற்கே எனக்குத் தலைகால் புரியவில்லை. நானா உன்னைத் தாண்டிப் போனேன்? பொய், அபாண்டம் என்று கத்தினேன். உன் கடிதத்தையும், நீ திருப்பி அனுப்பிய என் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நேரே மையத்துக்குப் போனேன். "டீச்சர், நீங்கதான் பஞ்சாயத்து பண்ணணும். இதுல எங்க அக்கா ஏதாவது எழுதியிருக்காளா பாருங்க" என்று மேஜையில் வைத்தேன்.

டீச்சர் பார்த்தார். டேப்பை எடுத்து என் தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒட்டினார். பிறகு என் கையைப் பிடித்து, விரலை என் எழுத்தின் மேல் வைத்தார். "இங்கேருந்து போங்க. சிவப்பைத் தொடற வரைக்கும் நிக்காதீங்க" என்றார்.

போனேன் அக்கா. என் முதல் வார்த்தையைத் தாண்டினேன். அதற்கு அப்பால் தாள் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை. போகப்போக வந்துகொண்டே இருந்தது, எல்லாம் உன் எழுத்து. சிவப்பைத் தொட்டபோது "தம்பி" என்று இருந்தது.

அதுவரைக்கும் எல்லோரும் என்னை ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன். டீச்சருக்குக் கிறுக்கு, பொண்டாட்டிக்குப் பயம், டாக்டருக்கு வருமானம் என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தேன். இருட்டாகத் தெரிந்தால் அங்கே ஏதோ இல்லை என்று தெரியும். இது இருட்டுகூட இல்லை. அங்கே ஒரு பக்கம் உண்டு என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. பேருந்து நிலையத்தில் பேப்பர் கடை எனக்கு எந்தப் பக்கம் வரும் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இடது பக்கம். நீ அங்கேதான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாய்.

நான் மேஜையில் தலையை வைத்து அழுதேன். லாரி டிரைவர் எழுந்து வந்து என் முதுகில் கையை வைத்து "சரி... சரி... சரி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை அர்த்தம் உண்டு என்று இன்றுதான் தெரிந்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அன்றைக்கு உன் தலையில் நான் பாதிதான் வெட்டினேனா? அதற்குத்தான் சிரித்தாயா?

பாதித் தலைதான் வெட்டுவேன் என்றால் முதலாளி அந்தப் புது ஆளையே வைத்துக்கொள்ளட்டும். இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

தம்பி

*

மார்ச் 22

என் தங்கமே,

ஆமாம், பாதிதான். வலது பக்கம் காது வரைக்கும் கச்சிதமாக வெட்டியிருந்தாய், ஒரு முடி பிசிறு இல்லை. இடது பக்கம் பழைய நீளத்திலேயே தொங்கியது. நீ வழக்கம்போல் ஏதோ குறும்பு செய்கிறாய் என்று நினைத்துத்தான் சிரித்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது விளையாட்டு இல்லை என்று புரிந்தது. அதற்குள் சீப்பு பறந்துவிட்டது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மிச்சத்தைத் தையல் கத்திரியால் நானே வெட்டிக்கொண்டேன். ஒரு மாசம் சலவைப் பிரிவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இப்போது என் லட்சணத்தைக் கேள். பாதித் தலையோடு வீடு வந்து சேர்ந்தவள் நான். பாதித் தாளில் எழுதிய கடிதத்தையும் கையில் வாங்கியவள் நான். இரண்டையும் பார்த்துவிட்டு, நீ பார்க்காத அதே பக்கத்தில் உட்கார்ந்து விலாவாரியாகப் பதில் எழுதியிருக்கிறேன். பிறகு நீ பார்க்கவில்லை என்று உன் மேல் கோபம் வேறு! மண்டையில் அடிபட்டது உனக்கா எனக்கா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். பிறகு அழுதேன். நீ என்னை வேண்டுமென்றே தாண்டிப் போகவில்லை. ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த கல் அதுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும்தான் எனக்குப் பயம் போனது. எல்லாம் சரியாகிவிட்டது என்று மார் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் என் காதை நினைத்து, உன் விரலை நினைத்து நடுங்கினேன். இடது பக்கம் ஒன்று உண்டு என்று இப்போது உனக்கே தெரியும். தெரிந்தவன் திரும்பிப் பார்ப்பான்.

29ஆம் தேதி வருகிறேன். கத்திரியும் வரும், தலையும் வரும். இந்தத் தடவை உன் வலது பக்கமாக வந்து நிற்கிறேன், தவறவிடமாட்டாய். உன் பொண்டாட்டியிடம் நாம் ராசியாகிவிட்டோம் என்று சொல், அவள் கெட்டவள் ஆகவில்லை என்றும் சொல்.

இந்தக் கடிதத்தைத் தாளின் வலது பாதியில் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். சூடு கண்ட பூனை.

அக்கா

*

மார்ச் 31

அக்கா,

நீ நாலு மணி வண்டியைப் பிடிக்க ஓடிவிட்டாய், முழுக் கதையும் உனக்குத் தெரியாது. உன் தலைக்குப் பின்னால் நடந்ததையும் நீ பார்த்திருக்க முடியாதல்லவா? அதனால் சொல்கிறேன்.

மையத்தில் நீ துண்டைப் பிரித்துக் கத்திரியைக் கொடுத்தபோது அது எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தது. அதை நான் கவனித்தேன், ஆனால் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன், முதலாளி வேறு பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் கண்ணாடியின் இடது ஓரத்தில் டேப் ஒட்ட வந்தார். "கொடுங்க டீச்சர், நானே ஒட்டறேன்" என்றேன். அவர் உருளையை என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உன் இடது காதுக்குப் பின்னால் சிவப்புக் கிளிப்பைக் குத்தியதும் நான்தான். அங்கிருந்து ஆரம்பித்து, திரும்ப அங்கேயே வந்து முடிப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் என் இடது கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். முன்பெல்லாம் பேசிக்கொண்டே வெட்டுவேன். அன்றைக்கு வாயே திறக்கவில்லை, அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம்.

கடைசியில் கத்திரியைக் கீழே வைத்து "முடிஞ்சுது" என்றேன். முதலாளி பெருமூச்சு விட்டதைக் கேட்டேன். டீச்சர் முகம் கல்லாக இருந்தது. கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன், நீ உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாய். உதவி செய்யக்கூடாது என்று டீச்சர் உன்னிடம் சொல்லியிருப்பார். எனக்குச் சுரீர் என்றது. ஆரம்பித்த இடத்துக்கு நான் திரும்பி வரவில்லை. கிளிப் எங்கே?

"இருங்க" என்றேன். கண்ணாடியில் சிவப்புக் கோடு தெரியும் வரைக்கும் தலையைத் திருப்பினேன். பிறகு உன் தலையில் சிவப்பைத் தேடினேன். காதுக்குப் பின்னால் கிளிப் அப்படியே இருந்தது, அதற்குக் கீழே ஒரு கொத்து முடி வெட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கிளிப்பைக் கழற்றி அதையும் வெட்டினேன். யாரும் சொல்லாமல் நானாகக் கண்டுபிடித்தேன் அக்கா. நீ விட்ட மூச்சில் உன் தோளிலிருந்த முடியெல்லாம் பறந்தது.

நீ போன பிறகு முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். "தப்பே பண்ணாம வெட்டியிருந்தாக்கூட யோசிச்சிருப்பேன்பா. விட்டதை நீயே தேடிப் பிடிச்ச பாரு, அது போதும். ஒண்ணாம் தேதி வந்துடு. மொதல்ல காலை நேரம் மட்டும். சவரக் கத்தி இப்போதைக்கு வேணாம்." புது ஆளுக்குப் பக்கத்து நாற்காலி. என் நாற்காலி எனக்கே. கடைக் கண்ணாடியில் டேப் ஒட்டினால் வாடிக்கையாளர்கள் கேட்பார்களே என்றேன். "கேட்டா சொல்லு, உனக்குத்தான் வாய் இருக்கே" என்றார்.

அதோடு முடியவில்லை. நான் கத்திரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது லாரி டிரைவர் தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் தலையை விரலால் காட்டி, என் கத்திரியைக் காட்டி, "சரி!" என்றார். இதைச் சம்மதத்தில் சேர்க்கலாம் என்று டீச்சர் ஒத்துக்கொண்டார்.

வீட்டில் பொண்டாட்டியும் இப்போது தலையை மூடுவதில்லை. ஆனால் இன்னும் நாற்காலியில் உட்காரவும் இல்லை. பார்க்கலாம்.

இந்தத் தாளைப் பார்த்தாயா? சிவப்புக் கோட்டிலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நிரப்பியிருக்கிறேன். உனக்கு இடமே விடவில்லை. பதில் எழுத வேண்டுமென்றால் சொந்தத் தாள் வாங்கிக்கொள்.

தம்பி

*

ஏப்ரல் 5

தம்பி,

சொந்தத் தாள்தான், வாங்கிவிட்டேன்.

ஒன்றாம் தேதி காலையில் வேலைக்கு நடுவில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் கடை திறந்திருப்பான், இந்நேரம் முதல் ஆள் உட்கார்ந்திருப்பார் என்று. கூட வேலை செய்கிறவள் "இன்னிக்கு என்ன விசேஷம், உன்பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே மடிக்கறே?" என்றாள். "என் தம்பி வேலைக்குப் போயிட்டான்" என்றேன். அதைச் சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

இப்போது ஒரு உண்மையைச் சொல்கிறேன், கோபப்படாதே. வீட்டுக்கு வந்து நிதானமாகக் கண்ணாடியில் பார்த்தேன். இடது பக்கம் ஒரு விரல் அளவு அதிகமாக வெட்டியிருக்கிறாய். அந்தப் பக்கத்தைக் கவனிக்கிறேன், கவனிக்கிறேன் என்று கவனித்தே தீர்த்துவிட்டாய்! சலவைப் பிரிவில் ஒருத்தி சமப்படுத்திவிடட்டுமா என்று கேட்டாள். யார் கையும் படக்கூடாது, இதை வெட்டியவனே வந்து சரி செய்வான் என்று சொல்லிவிட்டேன். சும்மா சொல்லவில்லை, தெருவில் போகும்போது வேண்டுமென்றே இடது பக்கத்தைத்தான் எல்லோருக்கும் காட்டுகிறேன்.

அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை லீவு போட்டாயிற்று. அதே பேருந்து நிலையம், அதே பத்து மணி. ஆனால் போன தடவை மாதிரி உன் வலது பக்கம் வந்து நிற்கமாட்டேன். பேப்பர் கடைப் பக்கமாகத்தான் வருவேன். கூப்பிடமாட்டேன், கையும் தூக்கமாட்டேன்.

நீயே திரும்பிப் பார்.

அக்கா